சிங்கப்பூர் மாமாவோட மிஷின்

பாத்து, பாத்து பத்தரே, கால அந்தப் பக்கம் வெச்சுக்குங்க. துண்டுல சுத்தி வெச்சிருக்கேன் பாருங்க, அது மேல பட்டுடப் போவுது. உங்க பெட்டிய மடியிலயே வெச்சுக்குங்க, ஊசி எல்லாம் அதுலதான இருக்கு. பசியாறிட்டீங்களா? சரி. கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க, இந்த டட்சன் கதவு ஒரு தடவ சாத்துனா கேக்காது. ஆங், இன்னொரு தடவ. காடி என்னோடது இல்ல, பாக்டரி கூட்டாளியோடது. உங்கள பஸ்ல ஏத்திக் கூட்டிட்டுப் போனா நல்லாவா இருக்கும்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். செமோர் என்ன ரொம்ப தூரமா, சடக்கு காலியாத்தான் இருக்கு, ஒரு வண்டி கூட இல்ல. நல்ல நேரத்துக்கு முந்தியே போயிடலாம்லா.

அது என்னன்னா கேக்கறீங்க? டிவி கேம் மிஷின் பத்தரே. டிவில ஒயரச் சொருவி பிள்ளைங்க விளையாடுமே, அது. நீங்க இன்னிக்கிக் காது குத்தப் போறீங்களே, தேவிகா, அவளோடது. என் தங்கச்சி நவமணியோட மவ. இப்பத்தான் லியோங் கடையில ரிப்பேர் முடிச்சு வாங்கிட்டு, அப்படியே உங்க கடைக்கு வந்தேன். இன்னிக்கி இது ஓடலேன்னா உக்காரவே மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. கூட்டாளிப் பிள்ளைங்க எல்லாம் வருதாம். ஏழு வயசாவுது, கைப்பிள்ளையா என்ன, வாயில சீனியப் போட்டு ஏமாத்த?

லேட்டுதான், இல்லங்கல. அவ அப்பன் ராஜு அப்பவே செஞ்சிடலாம்னுதான் சொன்னாரு. எங்க விட்டாங்க! ஒவ்வொரு வருஷமும் அண்ணனுக்கு லீவு கெடைக்கல, அண்ணனுக்கு லீவு கெடைக்கல. அண்ணன் வரட்டும், அண்ணன் வரட்டும். நடுவுல ஒரு தீவாளிக்கு வந்தாரு, அதுவும் ரெண்டே நாளு, நல்ல நாள் பாக்க நேரமில்ல. பிள்ளைக்குப் பல்லு விழுந்து பல்லு மொளச்சிடுச்சு. இந்த வருஷம் வந்துட்டாரு. நேத்து வந்து எறங்குனாரு. அதான் இன்னிக்கி நீங்களும் நானும் இந்தக் காடியில போறோம்.

யாரு வாங்கிக் குடுத்ததா? பாத்தீங்களா, நீங்களும் அதையே கேட்டுட்டீங்க. வீட்டுக்கு வர்ற ஒரு ஆளு பாக்கியில்லாம கேக்கறது அதத்தான். சிங்கப்பூர் மாமா. எங்க அண்ணன் கார்த்திகேசு. கப்பல் பட்டறையில வேலை. போன தீவாளிக்கு முந்துன தீவாளிக்கு வந்தாரு பாருங்க, வெள்ளச் சட்ட, கூலிங் கிளாஸ், கையில இவ்வளவு பெரிய அட்டைப் பெட்டி. தாமான்ல இருக்கற வீட்டுக்காரங்க பாதிப் பேரு எங்க தங்கச்சி வாசல்லதான் நின்னுச்சு. பெட்டியப் பிரிக்கறாரு, எல்லாரும் ஆன்னு பாக்கறாங்க. நான் எங்க இருந்தேன் தெரியுமா? டிவிக்குப் பின்னால. மண்டி போட்டுக்கிட்டு, எந்த ஒயரு எந்த ஓட்டையிலன்னு தேடிட்டு. படம் வந்துச்சு. முன்னால எல்லாரும் கை தட்டுறாங்க. நான் ஒட்டடையத் தட்டிட்டு எந்திரிச்சு வாரேன், பிள்ள அவரு கழுத்தக் கட்டிட்டுத் தொங்குது.

அதே தீவாளிக்கு நானும் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். சைக்கிள். செவப்பு கலரு, பின்னால ரெண்டு குட்டிச் சக்கரம் வெச்சது. மறுநாளே அது மேல நவமணி ஈரத் துணியப் போட்டு வெச்சிருக்கா. அத எடுத்துக் கொடியில போட்டுட்டு வந்தேன். நான் சொல்லி என்னா ஆவப் போவுது.

சிரிக்காதீங்க பத்தரே. பொறாமதான். வயிறு எரியுது, உங்ககிட்ட ஒளிச்சு என்ன பண்ணப் போறேன். நல்லவருதான் அவரு, குடி இல்ல, சூதாட்டம் இல்ல, ஒரு வார்த்த தப்பா பேசமாட்டாரு. அதுவும் எனக்கு எரிச்சலாத்தான் இருக்கு. கெட்டவனா இருந்தா நாலு திட்டுத் திட்டிட்டு நிம்மதியாப் படுப்பேன்ல?

கேளுங்க. அந்தப் பிள்ளைக்கு ஒரு தடவ கடுமையான காய்ச்சல். ராஜு லோரி எடுத்துக்கிட்டு கமுந்திங் போயிட்டாரு. நான்தான் மழையில, மோட்டோல, நவமணி பின்னால, பிள்ள நடுவுல, என் ரெயின்கோட்ட அதுங்க ரெண்டுக்கும் போத்திட்டு ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். எனக்கும் நெஞ்சுல சளி கட்டி அப்புறம் ரொம்ப நாளு இருமிட்டுக் கெடந்தேன். பிள்ள தேறி வீட்டுக்கு வந்துச்சு. பக்கத்து வீட்டுக்கு அண்ணன் போன் போட்டாரு. எப்படி இருக்கே கண்ணுன்னு கேட்டாரு. அவ்வளவுதான். இன்னிக்கி வரைக்கும் அந்தப் பிள்ள சொல்றது என்னா? எனக்குக் காய்ச்சல் வந்தப்போ சிங்கப்பூர் மாமா போன் பண்ணாரு. மோட்டோ எங்க போச்சு? மழை எங்க போச்சு?

இந்தச் சிமெண்டுத் தூசி உள்ள வருது, கண்ணாடிய ஏத்திக்குங்க. தாசேக் சிமெண்டு பாக்டரியத் தாண்டுனா சரியாயிடும்.

மிஷினுக்கு என்னா கேடுன்னா... அதச் சொல்லத்தான் வந்தேன், எங்கியோ போயிட்டேன். அண்ணன் மிஷினோட ஒரே ஒரு கேசட்தான் குடுத்துட்டுப் போனாரு. ஒரிஜினல். அதையே எத்தன நாளு விளையாடும் பிள்ள? வேற கேசட் வேணும்னு அழுவுது. ஒரிஜினல் கேசட்டு இங்க கெடைக்காது, கெடைச்சாலும் நம்ம கையெல்லாம் எட்டாது. அண்ணன்கிட்ட சொன்னா, அடுத்த தடவ வாங்கியாரேன்னாரு. அடுத்த தடவ! அவரு அடுத்த தடவ வர்றதுக்குள்ள பிள்ள பெரியவளாயிடும்.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் பத்தரே. சத்தியமா. சரி, இது நம்ம எடம்னு நெனச்சேன். ராத்திரிச் சந்த, பாசார் மாலாம்ல காப்பி கேசட் விக்கிறான்ல, ஒரே கேசட்டுக்குள்ள ஏகப்பட்ட கேமு. கலர் கலரா ஸ்டிக்கர் ஒட்டுனதா பாத்து ரெண்டு வாங்கிட்டுப் போனேன். பிள்ள குதிக்குது. சொருவுனேன். சுவிச்சத் தட்டுனேன். செவப்பு லைட்டு எரியுது, அணையுது. எரியுது, அணையுது. டிவில ஒண்ணும் இல்ல, சும்மா சாம்பக் கலரு மின்னிட்டு மின்னிட்டுப் போவுது. எடுத்து ஊதிட்டுச் சொருவுனேன். மத்ததப் போட்டேன். அதே கூத்து. அண்ணனோட கேசட்ட எடுத்துச் சொருவுறேன், ஒடனே பாட்டோட ஓடுது!

அப்ப அந்தப் பிள்ள சொல்லுச்சு பாருங்க. அதுக்கு வஞ்சகம் இல்ல, வாய்க்கு வந்தத சொல்லுச்சு. சிங்கப்பூர் மாமா குடுத்தது ஒரிஜினல், நீங்க வாங்குனது டுப்ளிகேட்டு மாமா, அதான் உள்ள விட மாட்டேங்குதுன்னுச்சு. நவமணி சட்டுன்னு அடுப்படிக்குள்ள போயிட்டா. ராஜு பேப்பரத் தூக்கி மொகத்த மறச்சுக்கிட்டாரு. ஒரு கேசட்டுக்கு எதுக்கு ஊமையாவணும் எல்லாரும்? எனக்குத் தெரியும் எதுக்குன்னு. கோப்பியக் கூட குடிக்கல, கெளம்பிட்டேன்.

அப்புறம்தான் லியோங். பழைய டவுன்ல ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருக்கான், மெலிஞ்ச ஆளு, வாயில எப்பவும் சிகரெட். மிஷினத் தொறந்து காட்டுனான். உள்ள ஒரு சின்ன சிப்பு, மூட்டப்பூச்சிக்குக் காலு மொளச்ச மாதிரி. அதுதான் வில்லனாம். மலாய்ல சொன்னான், எனக்கு நல்லா வெளங்குச்சு. ஒரிஜினல் கேசட்டுக்குள்ளயும் இதே மாதிரி ஒண்ணு இருக்காம். சுவிச்சத் தட்டுன ஒடனே, மிஷின்ல இருக்கறது கேசட்ல இருக்கறதப் பாத்துக் கேக்குமாம், நீ நம்ம வீட்டு ஆளுதானான்னு. அது ஆமான்னு சொல்லணும். சொன்னாத்தான் கேமு ஓடும். காப்பி கேசட்ல பதில் சொல்ல ஆளு இல்ல. அதான் மிஷினு தொறக்குது, கேக்குது, மூடுது. தொறக்குது, கேக்குது, மூடுது. லைட்டு மின்னறதுக்கு அதான் காரணம். கேசட்ல ஒரு கொறையும் இல்லடா, கேமெல்லாம் உள்ள முழுசா இருக்குன்னான். வெத்து கேசட்டு இல்ல. வாசல்ல கேக்கற கேள்விக்குப் பதில் இல்ல, அவ்வளவுதான்.

தவுக்கே, என்னா செய்யலாம்னேன். கேசட்ட ஒண்ணும் செய்ய முடியாது, மிஷினத்தான் திருத்தணும்னான். திருத்தறதுன்னா பெரிய வேலையா இருக்கும்னு நெனச்சேன். சூட்டுக்கோல வெச்சு, அந்தச் சிப்போட ஒரே ஒரு கால மட்டும் எழுப்பி, மேல வளச்சு விட்டுட்டான். ஒரே ஒரு காலு. இனிமே அது கேக்காதுன்னான். நம்பவே முடியல எனக்கு. கடையிலயே போட்டுக் காட்டுனான். என் கேசட்டு ஓடுது பத்தரே! அண்ணன் கேசட்ட எடுத்துப் போட்டான். அதுவும் ஓடுது. அண்ணனுக்கு ஒண்ணும் கொறையல, எனக்கும் எடம் கெடைச்சிடுச்சு. அந்தக் கடையில நின்னு பாத்துட்டே இருந்தேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு, ஈயப் புகைன்னு சொல்லிட்டேன்.

சரி, வீட்டுக்குக் கொண்டு போனேன். அதுக்கப்புறம் மாசத்துக்கு ஒரு கேசட்டு. செமோர் பாசார் மாலாம், ஈப்போ பாசார் மாலாம், எங்க பாத்தாலும் வாங்குவேன். அந்த வீட்டு அலமாரியில வரிசையா நிக்கிறது பூராவும் நான் வாங்குனது. தாமான் பிள்ளைங்க எல்லாம் அங்கதான். வர்ற பெரியவங்க கேப்பாங்க, அடேங்கப்பா, யாரு வாங்குனது இதெல்லாம்? பிள்ள சொல்லும், சிங்கப்பூர் மாமாவோட மிஷினு.

கேட்டீங்களா? மிஷினு அவருது. அதனால எல்லாம் அவருது. நான் எத்தன கேசட்டு வாங்கிப் போட்டாலும் போயி அவரு கணக்குலதான் விழுது. நானே போயி என் எதிரிக்குத் தோரணம் கட்டிட்டு இருக்கற மாதிரி இருக்கு. இப்பக் கூடப் பாருங்க, அவரு மிஷினத்தான் துண்டுல சுத்திட்டு, பிள்ளையத் தூக்கற மாதிரி தூக்கிட்டுப் போறேன்.

ஏன் மறுபடி கெட்டுப் போச்சா? லியோங் அந்தக் கால வெட்டல, வளச்சுத்தான் விட்டான்னு சொன்னேன்ல. பிள்ளைங்க மிஷினக் கீழ போட்டுச்சோ, ஆட்டுச்சோ, அது எறங்கிப் போயி பழைய எடத்துலயே ஒட்டிக்கிச்சு. இந்த வாரம் திடீர்னு என் கேசட்டெல்லாம் மின்ன ஆரம்பிச்சிடுச்சு. அண்ணன் வர்ற வாரம் பாத்து! லியோங்குகிட்ட கொண்டு போயி எரிஞ்சு விழுந்தேன். அவன் சிரிக்கிறான். வளச்சு விட்டா திரும்பிடும், வெட்டிடறேன்னு சொல்லி ஒரேயடியா வெட்டி, காலக் கையில குடுத்தான். இந்தா, சட்டப் பையிலதான் இருக்கு. மயிரு மாதிரி. தூக்கிப் போட மனசு வரல.

தோடா? அதெல்லாம் பத்திரமா நவமணிகிட்ட குடுத்துட்டேன். நீங்க செஞ்சு குடுத்த செவப்புக் கல்லுத் தோடு, அத நவமணி ஜன்னல்கிட்ட கொண்டு போயி திருப்பித் திருப்பிப் பாத்தா. அண்ணனும் ஒரு சோடி கொண்டாந்திருக்காரு. வெல்வெட்டு டப்பாவுல. பாத்தேன். உங்க கை வேலைக்கு முன்னால அது ஒண்ணுமில்ல, மிஷின்ல அடிச்ச சாமான். நான் பொறாமையில சொல்லல. சரி, பொறாமையிலயும்தான்.

யாரு தோடு போடறது, யாரு மடின்னு ஒரு வாரமா அந்த வீட்டுல யாரும் வாயத் தொறக்கல. நானே பிள்ளையக் கேட்டுட்டேன். வெக்கமில்லாம. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துட்டுக் கேட்டேன், தேவிகா, யாரு மடியில உக்காந்து குத்திக்கப் போறேன்னு. யோசிக்கிறா. நக்கிட்டே யோசிக்கிறா. அப்புறம் சொல்றா, ரெண்டு காது இருக்குல்ல மாமா, ஒரு காது அவரு, ஒரு காது நீங்க. எப்படி ஞாயம் பாத்தீங்களா? வேற யாராவதா இருந்தா சிரிச்சிருப்பேன். எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. வருஷம் பூராவும் நான் சொமக்கறேன், எனக்கு ஒரு காதா?

நவமணியா? அவ பாவம். அவகிட்ட எனக்குக் கோவமே வராது. சின்ன வயசுலேர்ந்து ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. தோட்டத்துல பிள்ளைங்கள விட்டுட்டு வேலைக்குப் போற ஆயாக்கொட்டாயில ஒரே ஏணைதான் ரெண்டு பேருக்கும். என்னவிட மாசக் கணக்குலதான் சின்னவ, ஆனா அண்ணேன்னுதான் கூப்பிடுவா, பேரு சொன்னதே இல்ல.

என்ன பத்தரே, திரும்பிப் பாக்கறீங்க?

ஆமா. மாசக் கணக்குலன்னுதான் சொன்னேன். வாய் தவறிடுச்சு. பத்தருக்குக் கண்ணும் காதும் கூர்மைன்னு சும்மாவா சொல்றாங்க.

இல்ல பத்தரே, நான் கூடப் பொறந்தவன் இல்ல. வீரம்மான்னு அவங்க பேரு, அண்ணனையும் நவமணியையும் பெத்தவங்க. என்னைப் பெத்தது அடுத்த லயத்துல கருப்பம்மாள். நான் பொறந்து கொஞ்ச மாசத்துலயே செத்துப் போயிட்டாங்க. அப்பன்காரன் வேற தோட்டத்துக்குப் போறேன்னு போனவன், அங்கியே ஒரு குடும்பமாயிட்டான். வீரம்மா அப்ப கைப்பிள்ளக்காரி. ஒரு பக்கம் நவமணி, ஒரு பக்கம் நான். ரெண்டு பேரும் அதே பாலுதான். நான் வேற யாரையும் அம்மான்னு கூப்பிட்டதில்ல. அவங்க செத்தப்போ அண்ணன் சிங்கப்பூர்லேர்ந்து வந்து சேர்ற வரைக்கும் தலமாட்டுல நான்தான் உக்காந்திருந்தேன். வந்ததும் எந்திரிச்சு எடம் விட்டேன். அது ஞாயந்தான், மூத்த மவன். கொள்ளி அவரு வெச்சாரு.

ஆனா மொட்ட அடிச்சது மறக்கல பத்தரே. தேவிகாவுக்கு மொத முடி எறக்குனாங்க, தோட்டத்து மாரியம்மா கோயில்ல. அண்ணனுக்கு லீவு இல்ல. நான் புது வேட்டி கட்டிட்டு, பலகையில சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். ரெண்டு கையையும் நீட்டிட்டேன் பிள்ளைய வாங்க. முடி எறக்குறவரு, வயசானவரு, நல்ல மனுசன், முறைப்படிதான் கேட்டாரு. கூடப் பொறந்த தாய்மாமன் யாருப்பான்னாரு. நவமணி என்னப் பாக்கறா. சாமி முன்னால நிக்கிறா, அவளால பொய் சொல்ல முடியல. யாரோ பின்னால இருந்து சொன்னாங்க, கூடப் பொறந்தவரு சிங்கப்பூர்ல இருக்காரு, இவரு வளர்ப்புன்னு.

எந்திரிச்சேன். தஞ்சோங் மாலிம்லேர்ந்து வீரம்மா வழியில ஒரு ஆளு வந்திருந்தாரு, சித்தப்பா மவனோ பெரியப்பா மவனோ, அந்தப் பிள்ளைய அன்னிக்கித்தான் மொதல்ல பாக்கறாரு. பேரு கூடத் தெரியாது அவருக்கு. அவர இழுத்து உக்கார வெச்சாங்க. பிள்ள அவரப் பாத்து வீல்னு கத்துது, என்னப் பாத்துக் கைய நீட்டுது. நான் துண்டப் புடிச்சுக்கிட்டு ஓரமா நின்னேன், முடி கீழ விழாம ஏந்தறதுக்கு. அந்தத் தஞ்சோங் மாலிம் ஆளு மேலயும் எனக்குப் பொறாமதான், இன்னிக்கி வரைக்கும். சோறு தின்னுட்டுப் போனவரு, திரும்பி ஒரு நாளு வந்து எட்டிப் பாக்கல.

இந்த முக்குல திரும்புனா தாமான். அந்தா, பந்தல் தெரியுது பாருங்க.

பத்தரே, ஒண்ணு கேக்கவா? உங்களுக்கும் முறைன்னு ஒண்ணு இருக்கு, தெரியும். ஊசிய எடுக்கறதுக்கு முந்தி நீங்க மாமன மொறையாக் கூப்பிடணும். கூப்பிடுங்க. மாமன் வாங்கன்னு கூப்பிடுங்க. கூடப் பொறந்தன்னு மட்டும் சொல்லாம விட்டுடுங்க. அந்த ஒரு வார்த்த போதும், நான் எந்திரிச்சு ஓரமாப் போவணும். அது இல்லேன்னா அண்ணனும் எந்திரிக்கலாம், நானும் எந்திரிக்கலாம். அவர உக்கார வேணாம்னு நான் சொல்லல. ரெண்டு பேரும் நிக்கிறோம், பிள்ள யாருகிட்ட வருதோ வரட்டும். அவருகிட்டயே போனா போவட்டும்.

இல்ல, பொய் சொல்றேன். போவக்கூடாது பத்தரே. போனா என்னால தாங்க முடியாது. ஆனா அது அவ எனக்குச் சொல்ற பதிலா இருக்கும். வாசல்லயே கேட்டு என்னத் திருப்பி அனுப்பாதீங்க, அவ்வளவுதான் நான் கேக்கறது.

சரி சரி, கண்ணத் தொடச்சுக்கறேன், எறங்கலாம். அந்தா வாசல்ல நிக்கிறாரே, வெள்ளச் சட்ட, அவருதான் எங்க அண்ணன். பாருங்க, நம்ம காடியப் பாத்ததும் மொத ஆளா வாராரு. நீங்க உங்க பெட்டிய எடுத்துக்குங்க பத்தரே. மிஷின அப்படியே விடுங்க, அத நானே தூக்கிட்டு வாரேன்.